கதையில் செத்தவருக்கு ஏன் அழுகிறோம்? வாக்கிங் டெட் பார்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். ‘தி வாக்கிங் டெட்’ தொடரை முதல் எபிசோடிலிருந்து கடைசி எபிசோட் வரை பார்த்தவள். என் அத்தை பிள்ளைகளும் பக்கத்து வீட்டுத் தம்பிகளும் அலுவலகத் தோழிகளுமாக ஒரு கூட்டமே அப்போது எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தது. இப்போது புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் அதே சந்தேகங்களோடு என்னிடம் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். யார் யார் சாகிறார்கள் என்பது இதில் வெளிப்படையாக இருக்கும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் பார்த்து முடித்துவிட்டு வாருங்கள்.

“இது என்ன கதைக்கா? பேய்ப் படமா?”

பேய் இல்லை, ஜோம்பி. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், உயிரோடு இருப்பவர்களைக் கடித்துத் தின்கிறார்கள். ரிக் என்ற போலீஸ்காரர் சுயநினைவில்லாமல் கிடந்து, ஆஸ்பத்திரியில் கண்விழிக்கும்போது ஊரே காலியாகியிருக்கிறது. மனைவி லோரியையும் மகன் கார்லையும் தேடிப் போகிறார். அப்புறம் அவரோடு சேர்கிறவர்கள்தான் கதை. 2003-இல் தொடங்கிய சித்திரக்கதையிலிருந்து எடுத்தது. அமெரிக்காவின் ஏஎம்சி அலைவரிசையில் 2010 அக்டோபர் 31-இல் ஆரம்பித்து 2022 நவம்பர் 20-இல் முடிந்தது. 11 சீசன், 177 எபிசோட்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த உலகத்தில் கடிபட்டுச் செத்தாலும் சரி, காய்ச்சலில் செத்தாலும் சரி, எல்லாரும் எழுவார்கள். மூளையைச் சிதைத்தால்தான் எழாமல் இருப்பார்கள். இதன் பாரம் போகப்போகத்தான் புரியும்.

“கதைதானே லா, எதுக்கு அழுவுறீங்க?”

எங்கள் வீட்டில் மாமா கேட்டது இது. கணக்கு எளிது. கிளென் என்ற இளைஞனை 2010-இல் முதன்முதலாகப் பார்த்தோம். அவன் செத்தது 2016-இல். ஆறு வருடம், சீசன் ஓடுகிற காலமெல்லாம் வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். ஈப்போவில் இருக்கும் என் சித்தப்பாவைக்கூட அந்த ஆறு வருடத்தில் அத்தனை முறை நான் பார்த்ததில்லை. அவன் பயந்தது, காதலித்தது, கல்யாணம் செய்தது எல்லாம் நம் கண் முன்னால் நடந்தது.

திரையில் வருகிறவரோடு நமக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டாவதைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தொலைக்காட்சி இன்னும் புதிதாக இருந்த 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். அவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கு மட்டும் அவரைத் தெரியும், ஆனாலும் நெருக்கம் நெருக்கம்தான். நம் தொல்காப்பியம் அதற்கும் வெகு முந்தையது. மெய்ப்பாடுகள் எட்டு என்று சொல்லி, அதில் அழுகைக்கு நான்கு காரணம் கூறுகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு என்பது இழப்பது. பழகியது கையை விட்டுப் போனால் உடம்பு அழும். போனது கதையா நிஜமா என்று கண் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை.

“அழுதா சரி, ராத்திரி சாப்பிடாம இருக்கறது ரொம்ப ஓவரா தெரியல?”

ஒரு ராத்திரி என்றால் விடுங்கள். காலையில் பசிக்கும். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, வேலையில் மனம் நிற்கவில்லை என்றால் வேறு ஏதோ ஒரு துக்கம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பற்றிக் கீழே ஒரு கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

“எல்லாப் படத்துலயும்தான் சாகறாங்க. இதுல மட்டும் ஏன் இப்படி வலிக்குது?”

முதல் பதிலில் சொன்ன விதியால்தான். மற்ற கதைகளில் ஒருவர் கண்ணை மூடினால் முடிந்தது. பக்கத்தில் இருப்பவர் அழுதால் போதும். இங்கே அழுகிறவருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தான் நேசித்தவர் எழுந்து வராதபடி தன் கையாலேயே செய்தாக வேண்டும். இரண்டாவது சீசனில் சோஃபியா என்ற சிறுமி காணாமல் போகிறாள். எபிசோட் எபிசோடாகக் காட்டில் தேடுகிறார்கள். ஏழாவது எபிசோடில் பக்கத்துக் களஞ்சியத்தைத் திறந்தால், அடைத்து வைத்திருந்த ஜோம்பிகளில் கடைசியாக அவள் வெளியே நடந்து வருகிறாள். அவ்வளவு நேரம் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுகிறார்கள். ரிக் மட்டும் முன்னால் வருகிறார்.

எனக்கு அதைவிடப் பெரியது லோரியின் சாவு. 2012 நவம்பரில் வந்தது. சிறைச்சாலையின் இருட்டறையில் பிரசவ வலி. குழந்தையைக் காப்பாற்ற வயிற்றைக் கத்தியால் கிழிக்கச் சொல்கிறாள். பின்னால் கிளெனைக் கல்யாணம் செய்துகொள்ளும் மேகி அழுதுகொண்டே கிழிக்கிறாள். குழந்தை பிழைக்கிறது, தாய் போய்விடுகிறாள். இனி அவள் எழக்கூடாது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் கார்ல், “என் அம்மா, நான் செய்கிறேன்” என்கிற மாதிரி மேகியை அனுப்பிவிட்டு அங்கேயே நிற்கிறான். நமக்குத் துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

அதைப் பார்த்த அன்று எங்கள் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் அத்தை மகன் மெதுவாக, “கொள்ளி வச்சிட்டான்” என்றான். பத்து லஞ்சாங் சுடுகாட்டில் தோளில் குடத்தோடு மூன்று சுற்று சுற்றி, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தவன் அவன். அமெரிக்காவில் யாரோ எழுதிய காட்சிக்கு அவனிடம் சரியான சொல் இருந்தது. பெற்றவர்களுக்கு மகன் செய்யவேண்டிய கடைசிக் கடமை என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதை அந்தப் பையன் தனியாக, மந்திரம் இல்லாமல், சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாமல் செய்தான். இந்தத் தொடர் நம் ஆட்களுக்கு இவ்வளவு ஒட்டிப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

“கிளென் செத்ததுக்கு ஏன் எல்லாருக்கும் அவ்வளவு கோபம்? அதான் சாவாங்கன்னு தெரியுமே?”

செத்ததற்கு வந்த கோபம் கம்மி. சாவை வைத்து எங்களிடம் விளையாடியதற்கு வந்த கோபம்தான் ஜாஸ்தி. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கிளென் கதைக்குள் வருவதற்கு முன் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தவன். பீரங்கி வண்டிக்குள் சிக்கிக்கொண்ட ரிக்கிடம் வானொலியில் பேசிக் காப்பாற்றிய குரல் அவனுடையது. நடித்தவர் சியோலில் பிறந்த ஸ்டீவன் யூன். ஆசிய முகம் ஒன்று, சண்டைக் கலைஞனாகவோ கோமாளியாகவோ இல்லாமல், எல்லாரும் நேசிக்கிற புருஷனாக வந்தது எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைச் சீனத் தோழிக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! 2015 அக்டோபரில் ஒரு எபிசோடில் குப்பைத் தொட்டி மேலிருந்து ஜோம்பிக் கூட்டத்துக்குள் அவன் விழுந்தான். குடல் கிழிபடுவதைக் காட்டினார்கள். அடுத்த எபிசோடிலிருந்து தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலிலும் நடிகர் பெயரை எடுத்துவிட்டார்கள். நாங்கள் துக்கம் கொண்டாடி முடித்தோம். நான்கு வாரம் கழித்து, கிழிபட்டது பக்கத்தில் விழுந்தவனின் குடல், கிளென் தொட்டிக்கு அடியில் பதுங்கிவிட்டான் என்று காட்டினார்கள்.

அதோடு விடவில்லை. 2016 ஏப்ரல் 3-இல் சீசன் கடைசியில் நீகன் என்ற வில்லன் எல்லாரையும் மண்டியிட வைத்து, முள்கம்பி சுற்றிய மட்டையால் ஒருவரை அடிக்கிறான். யாரை என்று காட்டாமல் தொடரும் போட்டுவிட்டார்கள். ஆறரை மாதம் காத்திருந்தோம். அக்டோபர் 23-இல், ரிக் கூட்டத்தில் இருந்த ஆபிரகாம் என்று காட்டி, மூச்சு விடுவதற்குள் கிளெனையும் அடித்துக் கொன்றார்கள்.

அந்த வருடம் நமக்குத் தீபாவளி அக்டோபர் 29. அமெரிக்காவில் ஞாயிறு இரவு என்றால் நமக்குத் திங்கள் காலை. அன்று மதியம் நாசி கண்டார் கடையில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் மூன்று பேர். கைப்பேசியில் தோழியின் செய்தி: ‘அவன் போய்விட்டான்’. பெயர் இல்லை. தேவையும் இல்லை. தட்டோடு திரும்பி வந்து ஒரு வாய் சாப்பிட்டேன், அவ்வளவுதான். ராத்திரி அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். நான் மாவு உருட்டிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவாமலே உட்கார்ந்து பார்த்தேன். அடிபட்ட பிறகும் கிளென் மனைவியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். அந்த இடத்தில் காய்ந்த மாவு விரலில் இறுகிக் கிடந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஒரு தடவை பொய்ச் சாவுக்கு அழவைத்தார்கள், அடுத்த தடவை யார் என்று சொல்லாமல் தவிக்கவிட்டார்கள். மூன்றாவதாக உண்மையிலேயே சாகும்போது எங்களிடம் இருந்த நம்பிக்கை தேய்ந்துபோயிருந்தது. இழவு வீட்டில் போய் யாராவது விளையாட்டுக் காட்டுவார்களா?

“சித்திரக்கதைல முன்னாடியே இருக்கே. தெரிஞ்சும் ஏன் அழணும்?”

உண்மைதான், சித்திரக்கதையின் 100-ஆவது இதழில் 2012 ஜூலையிலேயே கிளென் இதே மாதிரி சாகிறான். படித்தவர்கள் நான்கு வருடம் பயந்துகொண்டே பார்த்தார்கள். ஆனால் கர்ணன் சாவான் என்பது நமக்குத் தெரியாதா? தெரிந்துதானே ஒவ்வொரு முறையும் கூத்துப் பார்த்து அழுகிறோம்? முடிவு தெரிந்தவனுக்கு இடையில் வரும் ஒவ்வொரு சிரிப்பும் வலிக்கும். தெரியாதவனுக்குக் கடைசியில் ஒரு அடி, தெரிந்தவனுக்கு வழியெல்லாம்.

இன்னொன்று, தொடர் எல்லா இடத்திலும் சித்திரக்கதையைப் பின்பற்றவில்லை. ஆண்ட்ரியா அங்கே நெடுநாள் வாழ்கிறாள், இங்கே மூன்றாவது சீசனிலேயே போய்விடுகிறாள். டேரல் சித்திரக்கதையில் இல்லவே இல்லை. அதனால் அவனுக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்லமுடியாது. ‘டேரல் செத்தால் கலவரம்தான்’ என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள் ரசிகர்கள்.

“கார்ல் செத்ததோட பார்க்கறத நிறுத்திட்டேன். நான் நல்ல ரசிகை இல்லையா?”

நல்ல ரசிகைதான். உங்களைப்போல நிறுத்தியவர்கள் நிறைய. அமெரிக்காவில் ஐந்தாவது சீசன் முதல் எபிசோடை 17 மில்லியனுக்கும் மேல் மக்கள் பார்த்தார்கள். கடைசி எபிசோடுக்கு 2 மில்லியன் சொச்சம். இணையத்தில் பார்க்கும் பழக்கம் வந்ததும் இதற்கு ஒரு காரணம், எல்லாப் பழியையும் சாவுகள் மேல் போடமுடியாது.

ஆனால் கார்ல் விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயமானது. சித்திரக்கதை 2019-இல் முடியும்போது கார்ல் வளர்ந்து, கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவாக இருக்கிறான். மொத்தக் கதையும் இந்தப் பையன் நல்லபடியாக வளரவேண்டும் என்பதற்காகத்தான் என்று நினைத்துப் பார்த்தவர்கள் நாம். தாய்க்குக் கொள்ளி வைத்த பிள்ளையை 2018 பிப்ரவரியில் தகப்பன் புதைக்கும்படி ஆகிவிட்டது. அந்த முடிவு தப்பு என்பது என் கருத்து. அழவைத்தார்கள், சரி, ஆனால் அதற்குப் பிறகு ரிக் யாருக்காக நடக்கிறார் என்ற கேள்விக்குத் தொடரிடம் நல்ல பதில் இல்லை. மறுபடி பார்க்க மனம் வந்தால் ஒன்பதாவது சீசனிலிருந்து பாருங்கள், எழுத்து தேறியிருக்கும். வராவிட்டால் விடுங்கள்.

“முன்னாடியே கதைய சொல்லிக் கெடுத்தவன மன்னிக்கலாமா?”

நம் ஊரில் இருந்த சிக்கல் நேரம்தான். அங்கே ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் போடும்போது நமக்குத் திங்கள் காலை ஒன்பது, அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு பத்து. நாம் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது பாதி உலகம் பார்த்துவிட்டிருக்கும். கிளென் செய்தியை எனக்கு அனுப்பிய தோழியை அன்றே மன்னித்துவிட்டேன். அவளால் தனியாகத் தாங்கமுடியவில்லை. வேண்டுமென்றே கெடுத்தவன் வேறு, அவனோடு ஒரு வாரம் பேசாமல் இருங்கள்.

“பிள்ளைங்க பார்க்கலாமா?”

பதினாறு வயதுக்குக் கீழே வேண்டாம். இரத்தத்துக்காகச் சொல்லவில்லை. நான்காவது சீசனில் லிஸி என்ற சிறுமி, செத்தவர்கள் எழுவதை ஒரு நல்ல விஷயம் என்று நம்பித் தன் தங்கையையே கொன்றுவிடுகிறாள். பெரியவர்களுக்கே அது ஜீரணமாக நாளாகும்.

“கிளென கொன்ன நீகன் மேலயே பாசம் வருதே, தப்பாக்கா?”

தப்பில்லை, ஆனால் மேகியை மறந்துவிடாதீர்கள். நீகன் சிறையில் கிடந்தான், மாறினான், குழந்தைகளைக் காப்பாற்றினான். நடிப்பும் பிரமாதம். எனக்கே பத்தாவது சீசனில் அவன் வரும் காட்சிகள் பிடித்துப்போயின. பிடித்த பிறகு ஒரு குற்ற உணர்வு, கிளெனுக்குத் துரோகம் செய்கிற மாதிரி.

தொடர் இதைப் பூசி மெழுகவில்லை என்பதற்காக அதை மதிக்கிறேன். கடைசி எபிசோடில் நீகன் மேகியிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவளால் மன்னிக்க முடியவில்லை, அதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். முயற்சி செய்கிறாள், அவ்வளவுதான். நீங்கள் நீகனை நேசிக்கலாம். கணவனை அவன் கையில் பறிகொடுத்தவளிடம் போய் நீயும் நேசி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

“வீட்டுல நிஜமாவே சாவு நடந்தப்ப எனக்கு அழுகை வரல. டிவில யாரோ செத்தா வருது. நான் கல்நெஞ்சுக்காரனா?”

இதைக் கேட்ட தம்பிக்கு இருபத்து மூன்று வயது. நேராகப் பதில் சொல்வதற்குப் பதில் என் வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

என் அப்பாவுக்கு இனிப்புநீர். 2011-இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எப்போதும் வரவேற்பறையில்தான் இருப்பார், அதனால் நாங்கள் பார்ப்பதை அவரும் அரைகுறையாகப் பார்ப்பார். மூன்றாவது சீசனில் ஹெர்ஷல் என்ற பெரியவருக்குக் காலில் கடி. ரிக் அந்தக் காலை வெட்டி உயிரைக் காப்பாற்றுகிறார். அடுத்த சில வாரத்தில் அந்த வெள்ளைத் தாடிக்காரர் ஊன்றுகோலோடு எழுந்து நடக்கிறார். ஊன்றுகோலை எங்கள் வீட்டில் தோங்காட் என்போம். அப்பா திரையைப் பார்த்துச் சத்தமாக, “அக்குள்ல முட்டுக் குடுக்காத, கையில பலத்தக் குடு!” என்றார். அன்று முதல் ஹெர்ஷல் வரும்போது மட்டும் எங்கள் பக்கம் திரும்பி உட்காருவார். நடை தேறிவிட்டதா என்று பார்ப்பார். நான்காவது சீசனில் ஹெர்ஷல் செயற்கைக் காலோடு வந்தார். அதைப் பார்க்க அப்பா இல்லை. 2013 செப்டம்பரில் போய்விட்டார்.

அன்று நான் அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர், நாற்காலி, ஐயருக்குச் சாமான் பட்டியல், வண்டி, சாவுச் சான்றிதழ். மூத்த பெண், செய்ய வேலை இருந்தது. பதினாறு முடிந்தும் வரவில்லை. டிசம்பர் முதல் வாரம் ஹெர்ஷலை மண்டியிட வைத்தார்கள். சண்டை வேண்டாம், எல்லாரும் மாறலாம், சேர்ந்து வாழலாம் என்று ரிக் எதிரியிடம் பேசுவதைக் கேட்டு, அந்தப் பெரியவர் லேசாகச் சிரிக்கிறார். தான் சொல்லிக்கொடுத்தது இவனுக்கு ஏறிவிட்டது என்கிற சிரிப்பு. வாள் கழுத்தில் இறங்கியது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் அழுதேன். கதவுக்குப் பின்னால் அப்பாவின் தோங்காட் அப்படியே சாய்ந்திருந்தது. கீழே இருந்த ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

நீங்கள் கல்நெஞ்சுக்காரர் இல்லை தம்பி. நிஜச் சாவில் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், ஆயிரம் வேலை இருக்கிறது. டிவி முன்னால் உட்காரும்போது உங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அழுகை அங்கே வந்து இறங்குகிறது. அழுது முடித்த பிறகு, யாருக்காக அழுதீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். நான் அம்மாவிடம் சொன்னேன். பாரம் நீடித்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்கத் தயங்காதீர்கள்.

“அந்தத் தாடிக்காரரு மறுபடி வருவாரா?”

இது அம்மாவின் கேள்வி. பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் இல்லைம்மா, செத்துட்டாரு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். 2018 நவம்பரில் வந்தார். ரிக் விடைபெறும் எபிசோடில், காயம்பட்டு மயங்கும் ரிக்கின் நினைவில் பழைய பண்ணையும் ஹெர்ஷலும் வருகிறார்கள். அதில் நடித்த ஸ்காட் வில்சன் அதற்கு ஒரு மாதம் முன்னால், அக்டோபரில், நிஜமாகவே இறந்துபோயிருந்தார். அந்தக் காட்சியை முன்பே எடுத்து வைத்திருந்தார்கள்.

அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஹெர்ஷல் என்ன பேசுகிறார் என்று கேட்கவும் இல்லை. கடைசிவரை பார்த்துவிட்டு, “தோங்காட்டக் காணோமே” என்றார். இது கால் போவதற்கு முன்னால் இருந்த பண்ணை வீடும்மா என்று சொன்னேன். இன்னொரு தடவை போடச் சொன்னார்.